பெயர் கிடைக்காத நோய்

தூத்துக்குடித் துறைமுகத்தின் வாசற்கதவு ஆளைப் பார்ப்பதில்லை, அட்டையைத்தான் பார்க்கும். காப்பீட்டுக் கம்பெனி கொடுத்த அட்டை. அதில் மனநோய்ப் பெயர் கனமாக ஏறியிருந்தால் கிரேன் ஏறும் மின்தூக்கி திறக்காது. இலேசான பெயர் என்றால் திறக்கும். பெயரே இல்லாவிட்டால் ராஜமரியாதை.

பெயர் வைப்பது மனமானி. பேச்சறை வாசலில் நிற்கும் இயந்திரம். நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, நடந்ததைச் சொல்லச் சொல்லும். குரல் எங்கே உடைகிறது, வியர்வை எங்கே கசிகிறது என்று பார்த்து நோய்க்கு ஒரு பெயரை அடிக்கும். பெயர் விழுந்தால்தான் உள்ளே ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசக் கம்பெனி பணம் கட்டும். விழாவிட்டால் பேச்சறைக் கதவு திறக்காது. கைக்காசு கொடுத்தும் பேச முடியாது, அது குற்றம். யார் நன்மைக்கு இந்தச் சட்டம் என்று கேட்டவனுக்கு இதுவரை பதில் வரவில்லை.

சவரிமுத்து பதினெட்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர். மூன்று மாதத்துக்கு முன் அவர் இறக்கிய சரக்குப் பெட்டிக்கு அடியில், கூட வேலை பார்த்த இன்பராஜ் நசுங்கிச் செத்தான். கம்பி அறுந்ததுதான் காரணம், ஓட்டியவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதினால் ஆயிற்றா? ஒவ்வொரு பெட்டியும் தரையைத் தொடும்போது அவருக்குக் கண் இருட்டியது. யாரிடமாவது கொட்டித் தீர்க்காவிட்டால் இன்னொருவனைக் கொன்றுவிடுவோம் என்று பயந்தார். கனத்த பெயர் விழுந்தால் வேலை போய்விடும் என்றும் பயந்தார்.

"வே, அழுதுகிட்டே போனீருன்னா பெரிய பேரா வச்சுரும்," என்றார் கூட்டாளி பிச்சையா. "லேசா ஒரு பேரு வாங்கணும். ஆறு வாட்டி பேச விடுவான். நாங்கள்லாம் அப்படித்தான வாங்குனோம்."

"எப்படிவே வாங்குறது?"

"சொல்லிப் பழகும். எங்கிட்டச் சொல்லும். கேண்டீனுக்குப் பின்னால நின்னு, தினமும்."

துறைமுகத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. டீ நேரத்தில் ஒருவன் சொல்வான். இன்னொருவன் கேட்டு, குரல் இடறும் இடத்திலெல்லாம் விரல் மடக்குவான். முதல் நாள் இன்பராஜின் பெயரையே சவரிமுத்துவால் தாண்ட முடியவில்லை.

"பத்து வெரலும் தீந்துபோச்சு. செருப்பக் கழட்டட்டா?" என்றார் பிச்சையா. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

சவரிமுத்து எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. பிச்சையா போதும் என்ற பிறகும் விடவில்லை. குளிக்கும்போது சொன்னார், சைக்கிளில் போகும்போது சொன்னார். இருபத்தைந்தாம் நாள், 'இன்பராஜ் செத்துட்டான், நான் இறக்குன பெட்டிதான்' என்பது சரக்குப் பெட்டியின் எண்ணைப் படிப்பதுபோல் வந்தது.

பட்டையைக் கட்டிக்கொண்டு சொன்னபோது மனமானி இரண்டு முறை கேட்டது. பிறகு அட்டையில் அடித்தது: நோய் இல்லை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆலோசகர் சண்முகவடிவு எழுந்து வெளியே வந்தார்.

"மேடம், எனக்கு இருக்கு. நான்தான் ரொம்பப் பழகிட்டு வந்துட்டேன். ஏதாவது ஒரு சின்னப் பேரு போடுங்க."

"கையால எழுதுனா கம்பெனி ஏன்னு கேக்கும் அண்ணாச்சி. என் உரிமம் போயிரும்."

"திரும்பக் கட்டிப் பாக்கட்டா?"

"வருசத்துக்கு ஒரு தடவதான்." அவர் குரல் கம்மியது. "இறந்தவரு பேரு என்ன?"

"இன்பராஜ்."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் அழலாமென்று பார்த்தார். வரவில்லை.

சுத்தமான அட்டை என்று அவரைப் பெரிய கிரேனில் ஏற்றினார்கள். கண் இருட்டுவது நிற்கவில்லை. சொன்னால் யார் நம்புவது? அட்டை வேறு சொல்கிறதே.

கம்பெனி சும்மா இருக்குமா? கூட்டாளி செத்த நாலாம் மாதத்தில் நெற்றிப்பட்டைக்கு ஓர் அசைவும் காட்டாத மனிதர் கிடைத்துவிட்டார். சவரிமுத்துவின் குரலை மனமானிக்கு அளவுகோலாக வைத்தார்கள். இனி நலமான குரல் என்றால் அதுதான். அதைவிட ஒரு நூல் இடறினாலும் கனத்த பெயர். இலேசான பெயர் என்பதே ஒழிந்தது. கனத்த பெயருக்கு வேலை கிடையாது, வேலை போனால் காப்பீடும் கிடையாது. கம்பெனிக்கு இதில் நஷ்டமென்ன? வருடாந்தரச் சோதனையில் பிச்சையாவுக்கும் கனத்த பெயர் விழுந்தது.

"ஒம்மாலதான்வே," என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அதோடு பேச்சு நின்றது.

ஒரு மாதம் கழித்துக் கேண்டீனுக்குப் பின்னால் சவரிமுத்துவைத் தேடிச் சண்முகவடிவு வந்து நின்றார். ஆலோசகர்களையும் மனமானி முன்னால் உட்காரச் சொல்லிவிட்டார்கள். குரல் உடைகிறவருக்கு மற்றவர் துக்கத்தைக் கேட்கத் தகுதியில்லையாம்.

"எனக்கும் பழக்கிக் குடுங்க அண்ணாச்சி. எல்லாரும் உங்களத்தான் சொல்லுதாங்க."

"ஒங்களுக்கு யாரு மேடம்?"

"தம்பி. கடல்ல போயிட்டான். தளவாய்னு பேரு."

சவரிமுத்து கண்ணை மூடிக் கேட்டார்.

"அந்தப் பேருல இன்னும் ஆளு இருக்கான் மேடம். மறுபடி சொல்லுங்க."

"தளவாய்."

"இன்னும் இருக்கான். மறுபடி."