நாற்பது நாள் தனித்தொட்டி

போன் அடித்தபோது இன்ஸ்பெக்டர் வசந்தா தன் இரண்டு மீன்களுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தாள்.

திருவிடந்தையில் ஒரு பிணம்.

பெயரைக் கேட்டதும் இரை டப்பா கை நழுவியது. பஷீருதீன்... அந்த மீன்களைக் கொடுத்தவரே அவர்தான்!

கணவன் போனபின் குவார்ட்டர்ஸில் ஒண்டியாகக் கிடந்தவளிடம், பேச்சுத் துணைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவர். நேற்று இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். வேலை மும்முரத்தில் வசந்தா எடுக்கவில்லை.

இனி எடுக்கவும் முடியாது.

மே மாத வெயில். வீட்டுக்குள் அனல் அடித்தது. மேஜைமேல் சின்னத் தொட்டி. கீழே பஷீருதீன்... வலது கை முழங்கை வரை ஈரம்.

படூரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா மகன் தௌசிஃப் அழுதபடி விவரம் சொன்னான். மாமா கடல் மீன் வளர்ப்பவர். புது மீனைப் பெரிய தொட்டியில் நேராக விடமாட்டார். சீக்கு இருந்தால் எல்லாவற்றுக்கும் தொற்றிவிடும். அதனால் நாற்பது நாள் தனித்தொட்டி. அதைத் தயார் செய்யும்போதுதான் விபத்து.

"தண்ணிய சூடு பண்ற ஹீட்டர் மேடம். ஒயரு கிழிஞ்சு கீது. கைய வுட்டாரு... ஷாக்கு."

"யார் வாங்கினது?"

"அவரேதான். நேத்து போன்ல சொன்னாரு. ஒண்டிக்கட்டை, வேற யாரு வாங்குவா?"

வசந்தாவுக்குச் சுருக்கென்றது. சுற்றிப் பார்த்தாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரே ஒரு நாற்காலி. கடலோரத்து வீட்டை விற்கச் சொல்லி தௌசிஃப் நச்சரிப்பதாகவும், மீன்களை விட்டு எங்கும் வரமாட்டேன் என்று மறுத்துவிட்டதாகவும் பஷீருதீன் ஒருமுறை சொல்லியிருந்தார்.

பெரிய தொட்டியருகே போனாள். விளிம்பில் மூன்று குட்டி ஃபேன்கள், தண்ணீரைப் பார்த்தபடி.

"இது எதுக்குன்னு தெரியுமா?"

"மீனுக்குக் காத்து வர்றதுக்கு..." தௌசிஃப் இழுத்தான்.

"தண்ணிய குளிர வைக்க. நம்மூரு வெயில்ல தொட்டி தானா கொதிக்கும் தம்பி. எனக்கு அவர் சொல்லிக்குடுத்த மொத விஷயமே ஃபேன் மாட்டுறதுதான். அவரு மே மாசத்துல ஹீட்டர் வாங்குவாரா?"

அவன் வாசல் பக்கம் ஒரு அடி நகர்ந்தான்.

"நெட்ல ஏதோ குளிர் தேசத்துக்காரன் தனித்தொட்டிக்குப் போட்ட லிஸ்ட்ட பாத்து வாங்கிட்ட, இல்ல? போனைக் குடு."

இருந்தது! நான்கு நாள் முன் ஆர்டர். ஹீட்டர் ஒன்று, படூர் விலாசம்.

தௌசிஃப் உடைந்தான். காலையில் மாமா மீன் வாங்கப் போன நேரம் பார்த்து, தொட்டிக்குள் மீன் ஒளிய வைத்திருந்த குழாய்த் துண்டின் பின்னால் ஒயர் கிழித்த ஹீட்டரை மறைத்துப் போட்டு, ஸ்விட்சையும் தட்டிவிட்டிருக்கிறான்.

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

மூலையில் ஒரு பாலிதீன் பை. உள்ளே ஒரே ஒரு புது மீன், வாயைத் திறந்து திறந்து மூடியது. புது மீன் வரப்போகிறது, வந்து பார் என்று சொல்லத்தான் நேற்று கூப்பிட்டாரோ... வசந்தா பையை மெல்ல எடுத்துக்கொண்டாள். இனி அதன் நாற்பது நாளும் அவள் வீட்டில்தான்.

"மேடம், என்னை இன்னா பண்ணுவீங்க?"

"உன்னையும் தனியாத்தான் வெப்போம். அங்க ஹீட்டர் கிடையாது... ஃபேனும் கிடையாது!"