வடக்கு மூலைக் கோரை

இரவெல்லாம் அடுப்புக்கு மேலே காயத் தொங்கிய கோரைப்புல் காலையில் ஈரமாக இருந்தது. ரௌனா விரலால் அழுத்திப் பார்த்தாள். சொட்டியது. ஏரிச் சேற்றின் வாடை.

"இது எப்படி நனையும்?"

"உன் குறட்டைல கூரைப் பனி உருகி ஒழுகியிருக்கும்," என்று சிரித்தான் அவள் கணவன் ஐலு.

பனிவண்டியின் இயந்திரம் இந்தக் குளிரில் கிளம்பவில்லை. அவர்கள் மேய்க்கும் கலைமான்கள் அக்கரையில் நின்றன. உறைந்த ஏரியைக் கடந்து நடந்துதான் போக வேண்டும். இப்படிப்பட்ட நாளில் காலுறை உதவாது, தோல் காலணிக்குள் கோரையைத் திணித்தால்தான் விரல்கள் தப்பும். அவன் அதைப் பிழிந்து, அடுப்பில் காட்டி உலர்த்தி, பாதத்தைச் சுற்றி வைத்துக்கொண்டான்.

"பட்டாட்டம் இருக்கே. எங்க அறுத்தே?"

"வழக்கமா அறுக்கிற ஆத்தோரம்தான்."

வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். அறுத்தது ஏரியின் வடக்கு மூலையில். மூன்று ஆண்டுக்கு முன் ஐலுவின் அண்ணன் பியேரா பனிக்கட்டி உடைந்து உள்ளே போன இடம் அது. உடல் கிடைக்கவே இல்லை. அதன்பின் அங்கே யாரும் அரிவாள் வைக்காததால் கோரை இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. வீணாகப் போகிறதே என்று அறுத்து, அடித்து, சீவி, வளையமாக முறுக்கி வைத்தாள். அவ்வளவுதான்.

ஐலு போனான். வாரக்கணக்கில் சூரியன் எழாத காலம், நடுப்பகலிலும் இருட்டு. விறகு எடுத்துவரத் தானும் காலணியில் கோரை திணித்துக்கொண்டவள், ஜன்னலோரம் சற்று உட்கார்ந்து, பனிமேல் சிறுத்துக்கொண்டே போகும் அவன் தலைவிளக்கைப் பார்த்தாள். அடுப்பு சடசடத்தது. அதற்கு நடுவே எங்கோ தண்ணீர் கசியும் சத்தம். கூரையைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், கடைசியில் குனிந்து தன் காலணியைப் பார்த்தாள்.

விளிம்பில் கோரை பச்சையாக நின்றது.

கழற்ற இழுத்தாள். வரவில்லை. காலைத் தூக்கினாள். அதுவும் வரவில்லை. தோலைத் துளைத்து வெள்ளை வேர்கள் வெளியே வந்திருந்தன. தரைப் பலகையின் இடுக்குக்குள் இறங்கியிருந்தன. வீடு கரையோரம் தண்ணீருக்குள் ஊன்றிய கட்டைகள்மேல் நின்றது. பலகைக்கு அடியில் ஏரி.

ஐலுவின் காலிலும் இதே கோரை.

"ஐலூ! கழட்டு! அது ஆத்தோரத்துது இல்ல!"

ஏரி நடுவே விளக்கு நின்றுவிட்டது. மெல்லத் தாழ்ந்தது. இடுப்பளவு. முழங்காலளவு. பனிக்கு அடியில் போயும் அணையவில்லை. மங்கலாக, மஞ்சளாக, பனிக்குக் கீழேயே வீட்டை நோக்கி வந்தது.

ரௌனா அழுதாள். கத்தியை எட்டப் பார்த்தாள். எட்டவில்லை.

பலகை இடுக்கில் வெளிச்சம். அவள் பாதங்களுக்கு நேர் கீழே.

"எங்க அறுத்தே, ரௌனா?"

ஐலுவின் குரல் இல்லை அது. மூன்று ஆண்டாகக் கேட்காத குரல்.

வேர்கள் அசைந்தன. கீழே நான்கு கைகள் அவற்றைப் பொறுமையாகச் சீவி, வளையமாக முறுக்கிக்கொண்டிருந்தன.