சாகின் கேட்ட கேள்வி

விதாத் முதன்முதலாக அந்த வீட்டுக்கு வந்தது ஒரு மழை நாளில். லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்து வெகுநேரம் ஆகவில்லை. ஆனாலும் ஸ்ஃபாக்ஸ் துறைமுக நகரின் கோட்டைக்குள் இருக்கும் பழைய வீடுகளில் பகலென்று ஒன்று முழுசாக வருவதில்லை. தெருக்கதவைத் தாண்டினால் ஒரு வளைந்த நடை. அதில் எப்போதும் அந்திநேரம்தான். ஈரச் சுண்ணாம்பு வாடையும், என்றோ காலியான எண்ணெய் ஜாடிகளின் வாடையும் அங்கே தங்கியிருக்கும்.

"இதுதானே லினக்ஸ்காரங்க கூடுற வீடு?" என்று நடையிலிருந்தே கேட்டாள்.

"லேப்டாப்பைக் கொல்றவங்களும் இங்கதான், பொழைக்க வைக்கிறவங்களும் இங்கதான். உள்ள வாங்க" என்றார் முன்ஜி மாமா.

அவர் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் நூரி, சந்தை வாசலில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கடை பிரிண்டர் கொடுத்த தொல்லையில், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் பயன்படுத்துவோரின் இந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தேன். சனிக்கிழமைதோறும் இப்படிப் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பார். பாதாம் போட்ட தேநீர் வரும். வீட்டுக்காரர் சுக்ரி, பெரிய உருவம், மெல்லிய குரல். தேநீரைத் தன் கையாலேயே கொண்டு வந்து கொடுப்பார்.

விதாத் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அவள் லேப்டாப்பில் ஒரே ஒரு நோய். மூடியை மூடித் திறந்தால் திரை கறுத்துப் போய்விடும், பிறகு எழும்பாது. மாடியறையில் இடம் கொடுத்தோம். அந்தச் சுவர்களுக்குள் வைஃபை நுழையாது என்பதால் அறைக்கு அறை கேபிள் இழுத்திருந்தது. கூச்சப்படுகிறவர்கள் எழுதிக் கேட்க ஓர் அரட்டைப் பக்கமும் உண்டு. வீட்டிலேயே இருக்கும் ஒரு பழைய கணினியில் அது ஓடியது. இணையத்தோடு அதற்குத் தொடர்பில்லை. வீட்டுக்குள் கேபிள் சொருகியவர் மட்டுமே அதில் எழுத முடியும்.

விதாத் தன் கேள்வியை எழுதினாள். சற்று நேரத்தில் பதில் வந்தது. எழுதியவர் பெயர் சாகின்.

"இயங்குதளத்தின் மையமான புதுக் கெர்னலுக்கும் உங்கள் திரை அட்டைக்கும் ஒத்துப்போகவில்லை. தொடங்கும்போது வரும் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எதுவும் அழியாது. புரியாத கட்டளையை மட்டும் தட்டாதீர்கள், நான் சொன்னாலும்."

அவன் சொன்னபடி செய்தாள். மூடித் திறந்தாள். திரை எழுந்தது.

"ரொம்ப நன்றி. எந்த அறையில் இருக்கிறீர்கள்?"

"கீழே."

நன்றி சொல்ல இறங்கி வந்தாள். முற்றத்தில் நானும் முன்ஜி மாமாவும் இருந்தோம். சுற்றியிருந்த அறைகளில் மற்றவர்கள்.

"சாகின் யாரு?"

"மாடியில இருக்கிற பையன்னு நெனச்சேன்" என்றேன் நான்.

"நான் மாடியிலேர்ந்துதானே வர்றேன். அங்க என்னைத் தவிர ஒரு காக்கா கூட இல்ல."

முன்ஜி மாமா சிரித்தார். "கூச்சக்காரன் டீச்சர். பேரையும் பொருத்தமாத்தான் வச்சிருக்கான். குடியிருக்கிறவன்னு அர்த்தம். பேய் குடியேறுன வீட்டையும் நம்ம ஊர்ல அந்த வார்த்தையாலதானே சொல்றோம்?"

சுக்ரி தேநீர்த் தட்டோடு வந்தார். "ஏதோ சின்னப் பசங்க விளையாட்டு. விடுங்க" என்றார்.

விதாத் விடவில்லை. எதையும் சோதனைக் குழாயில் ஊற்றிப் பார்க்காமல் நம்பாத பெண். அடுத்த சனிக்கிழமைகளில் அவள் ஒவ்வொருவராக விசாரித்தாள். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. சாகினிடம் உதவி வாங்காதவர் அந்த வீட்டில் கிட்டத்தட்ட இல்லை. என் பிரிண்டரைச் சரிசெய்ததும் அவன்தான். முன்ஜி மாமாவின் லேப்டாப்பில் சத்தம் வரவழைத்ததும் அவன்தான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை. ஒவ்வொருவரும் அவனை வேறு ஏதோ அறையில் இருப்பவன் என்று எண்ணியிருந்தோம்.

அதற்குப் பிறகு கூட்டம் பழையபடி இல்லை. பேசிக்கொண்டே அடுத்தவர் விரல்களைக் கவனித்தோம். லேப்டாப் கேமராக்களில் ஒட்டுத்தாள் ஏறியது. விதாத் என்னைத்தான் முதலில் சந்தேகித்தாள்.

"எப்பப் பாத்தாலும் முற்றத்துலயே உக்காந்திருக்கீங்களே நூரி, ஏன்?"

"அறைக்குள்ள எனக்கு மூச்சு முட்டும் டீச்சர்."

"இல்ல, முற்றத்துல பேசுறது மட்டும் அவனுக்குத் தெரியுது. போன வாரம், எங்க பள்ளிக்கூட முதல்வர் என் லீவு மனுவுல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார்னு இங்க நின்னு முன்ஜி மாமாகிட்ட சொன்னேன். மாடிக்குப் போறதுக்குள்ள, 'கையெழுத்து கிடைக்கும், கவலை வேண்டாம்'னு எழுதியிருக்கான். மாடியில அதைவிடப் பெரிய ரகசியம் பேசுனேன், வேணும்னே. அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

நான் சத்தியம் செய்தேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. முற்றத்தில் மைக் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று ஜன்னல் கம்பிகளையும், நடுவில் நின்ற பெரிய மண்தொட்டியின் நாரத்தைச் செடியையும் தடவிப் பார்த்தாள். சுக்ரியின் முகம் கடுத்தது.

"செடியைத் தொடாதீங்க. வேர் புடிக்கிற நேரம்."

அன்று தேநீர் வரவில்லை.

சுக்ரி உள்ளே போனதும் முன்ஜி மாமா தாழ்ந்த குரலில் சொன்னார். "நீங்க ஒண்ணைக் கவனிக்கல டீச்சர். சுக்ரியும் அந்தப் பக்கத்துல கேள்வி கேட்டிருக்கான். பலமுறை. சாகின் அவனுக்கு மட்டும் பதிலே எழுதுனதில்ல."

"ஏன்?"

"ஏன்னா அது சுக்ரியே எழுதுறதுன்னு நான் நெனச்சேன். தன் கேள்விக்குத் தானே எப்படிப் பதில் எழுதுவான்? பாவம், தம்பி ஞாபகத்துல செய்றான்னு பேசாம இருந்துட்டேன்."

தம்பி என்று அவர் சொன்னது ஹலீமை. சுக்ரியின் சித்தப்பா மகன். வீடு இருவருக்கும் பொது. இந்தக் கூட்டத்தைத் தொடங்கியதும், கேபிள் இழுத்ததும், அரட்டைப் பக்கத்தை அமைத்ததும் அவன்தான். வீட்டை ஓட்டல்காரர்களுக்கு விற்றுவிடலாம் என்று சுக்ரி சொல்வதும், முடியாது என்று ஹலீம் மறுப்பதும் எல்லோர் காதிலும் விழுந்ததுதான். பிறகு ஒரு குளிர்காலத்தில் ஹலீம் படகேறி இத்தாலிக்குப் போய்விட்டான் என்று சுக்ரி சொன்னார். எங்கள் கடற்கரையில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. படகேறிய பிள்ளையிடமிருந்து செய்தியே வராத வீடு ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

"எல்லாரையும் ஒரே இடத்துல நிறுத்திப் பாத்துடலாம்" என்றாள் விதாத்.

அடுத்த சனிக்கிழமை அப்படியே செய்தோம். எல்லோரும் லேப்டாப்பை மூடி அறைகளிலேயே வைத்துவிட்டு முற்றத்தில் வந்து நின்றோம். கைப்பேசிகள் ஒரு கூடையில். விதாத்தின் லேப்டாப் மட்டும் ஒரு முக்காலியில் திறந்திருந்தது. மேகம் வானத்தை அடைத்திருந்ததால் முற்றம் கிணற்றின் அடி போல மங்கிக் கிடந்தது. சுக்ரி மறுக்கவில்லை. தேநீர்த் தட்டோடு ஒரு தூணருகே நின்றார்.

விதாத் எழுதினாள். "சாகின், இருக்கிறீர்களா?"

யாரும் அசையவில்லை. எங்கள் கைகள் எல்லோருக்கும் தெரிந்தபடி இருந்தன.

"இருக்கிறேன்."

யாரோ பிஸ்மில்லா சொன்னார்கள்.

முன்ஜி மாமா நடைக்கு ஓடினார். கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கினார். ஒவ்வொரு பச்சை விளக்காக அணைந்தது. விதாத்தின் கேபிளையும் பிடுங்கினார்.

ஒரு விளக்கு மட்டும் அணையவில்லை.

"நூரி, இங்க வா" என்றார். அவர் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. "இந்த ஓட்டையில வயரே இல்லடா."

விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. யாரோ அவசரமில்லாமல் தட்டச்சு செய்வது போல.

முற்றத்திலிருந்து விதாத் கத்தினாள். ஓடினோம். கேபிள் இல்லாத லேப்டாப்பின் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.

"உங்கள் எல்லோருக்கும் பதில் சொன்னேன். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது."

பிறகு:

"இங்கிருந்து எப்படி வெளியே வருவது?"

சுக்ரி அடுத்த அறைக்குள் பாய்ந்து, அரட்டைப் பக்கம் ஓடிய பழைய கணினியின் மின்சாரத்தைப் பிடுங்கினார். அதன் விசிறி முனகி அடங்கியது எங்களுக்குக் கேட்டது. திரை நிற்கவில்லை.

"சுக்ரிக்குத் தெரியும். சொல்ல மாட்டான். வேறு யாராவது?"

விதாத் குனிந்து எழுதினாள். "எங்கே இருக்கிறீர்கள்?"

"கீழே."

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம்.

பழைய வீடுகளின் முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி இருக்கும். அறை அளவு ஆழம், ஆள் நுழையும் வாய். இந்த வீட்டுத் தொட்டியின் வாய் எங்கே என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. முன்ஜி மாமா நாரத்தைத் தொட்டியைத் தோளால் முட்டித் தள்ளினார். நானும் போய் முட்டினேன். அது நகர்ந்த இடத்தில் பழைய கல்லுக்கு நடுவே சிமெண்டு, வட்டமாக.

"எலி வருதுன்னு அடைச்சேன்" என்றார் சுக்ரி.

யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

முன்ஜி மாமா முழங்காலிட்டு, விரல் கணுவால் சிமெண்டைத் தட்டினார்.

மழைத் தூறல்.

பிறகு அடியிலிருந்து, மெதுவாக, அதே தட்டல்.

சுக்ரி தட்டைத் தூணோரம் வைத்தார். ஒரு கோப்பைகூடச் சத்தமிடவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் நடை வழியாக வெளியே போனார். தடுக்க எங்களில் ஒருவருக்கும் கால் எழவில்லை.

போலீஸ் வந்து சிமெண்டை உடைத்தபோது அடியிலிருந்து வந்த காற்று, மூடிவைத்த மழையின் வாடை. கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தது. அதில் ஹலீம் இருந்தான், அல்லது அவனில் மிச்சமிருந்தது. தலையில் அடிபட்ட தடம் என்றார்கள். அதை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். இன்ஸ்பெக்டர் டார்ச்சை மேலே திருப்பி, மழைநீர்த் தொட்டியின் கழுத்துச் சுவரைக் காட்டினார். சுண்ணாம்பில் நகக் கீறல்கள், சிமெண்டு வரைக்கும்.

மூடும்போது அவன் உயிரோடு இருந்திருக்கிறான்.

"இங்க பாருங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

விதாத் எங்களைப் பார்த்தாள். நாங்கள் சுவரைப் பார்த்தோம். "சந்தேகம் வந்துச்சு சார்" என்றாள்.

சுக்ரியைத் தெற்கே போகும் பேருந்தில் பிடித்தார்கள். வெறுங்காலோடு இருந்தாராம். இதுவரை வாயைத் திறக்கவில்லை.

ஹலீமுக்கு ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை நடத்தினோம். அவனை அறியாதவர்களும், அவனிடம் உதவி வாங்கியவர்களும் வரிசையில் நின்றார்கள். வீட்டுக்கு அரசு முத்திரை வைத்தது. கூட்டத்தைத் துறைமுகத்துக்குப் பக்கத்து இளைஞர் மன்றத்துக்கு மாற்றினோம். புது இடம், புதுக் கணினிகள், வெள்ளை வெளிச்சம். விதாத் தன் லேப்டாப்பை முழுசாக அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவினாள். கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு மெல்ல அவளிடமே வந்து சேர்ந்தது. நன்றாகவே சொன்னாள். விரல்களைக் கவனிக்கும் பழக்கம் எங்களை விட்டுப் போனது. முன்ஜி மாமா மறுபடி கிண்டல் பேச ஆரம்பித்தார்.

போன சனிக்கிழமை, வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போது, விதாத்துக்கு ஓர் அழைப்பு. அவள் கையில் வேலை இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள். நானும் முன்ஜி மாமாவும் பக்கத்தில் இருந்தோம்.

"விதாத் மேடமா? நான் ஷாத்லியா, தெற்கே டோஸர் ஊர்லேர்ந்து பேசுறேன். உங்க கூட்டத்து அறிவிப்புல நம்பர் இருந்துச்சு. நேரா நன்றி சொல்லணும்னு தோணுச்சு. ராத்திரி நீங்க நெட்டுல எழுதிச் சொன்ன மாதிரியே செஞ்சேன், பையனோட லேப்டாப் எழுந்துடுச்சு."

"நானா? நான் யாருக்கும் எழுதலையேம்மா. நேத்து கம்ப்யூட்டரையே தொடல."

"நீங்கதான் மேடம். உங்க பேர்லதான் பதில் வந்துச்சு. எவ்வளவு பொறுமை! விடியற வரைக்கும் சொல்லிக் கொடுத்தீங்களே."

விதாத் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள். முன்ஜி மாமா மேசையிலிருந்த கைப்பேசியை எடுக்கப் போனார். அதற்குள் அந்தப் பெண்ணின் குரல் கரிசனமாகத் தாழ்ந்தது.

"கை ரெண்டும் ஈரமா இருக்கு, மெதுவாத்தான் தட்ட முடியுதுன்னு சொன்னீங்களே மேடம். இப்பவாவது காஞ்சிடுச்சா?"