கண்ட்ரோல் ஊர்

அன்றைக்குக் காலையில் டப்பாக்களின் மேல் C இல்லை.

ஊர் முகப்பில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மொபெட்டை நிறுத்திவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஐஸ் பெட்டியைத் திறந்த சின்னக்கண்ணு, முதல் டப்பாவைப் பார்த்தான். இரண்டாவதைப் பார்த்தான். பிறகு நாற்பதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். எல்லாவற்றிலும் E.

தமிழ் எழுத்தே அவனுக்கு நாற்பத்து நாலு வயதில் இரவுப் பள்ளியில் வந்ததுதான். இங்கிலீஷில் இந்த வேலைக்கு வேண்டிய இரண்டெழுத்தை மட்டும் படித்திருந்தான். C என்பது சோற்றுக்குத் திறந்த வாய் மாதிரி. E என்பது அதே வாய்க்குள் ஒரு நாக்கு. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் அவன் குடியிருந்த தெருவுக்கு E. செம்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற இந்த ஊருக்கு C. மூத்திரம், நகம், குடிக்கிற தண்ணீர், மூன்றையும் மாதம் ஒருமுறை வாங்கிப்போய் பிரிஸ்கில்லா மேடத்திடம் கொடுக்க வேண்டும். மண்ணும் தண்ணீரும் மனித உடம்பை என்ன செய்கின்றன என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. மூன்று வருடத் திட்டம்.

"C-ன்னா கண்ட்ரோல்ணே. E-ன்னா உங்க பக்கம்" என்று மேடம் முதல் நாள் சொல்லிக்கொடுத்தாள். அவனும் மேலே கேட்கவில்லை. கண்ட்ரோல் என்ற சொல் தெரியாதவன் யார்? சர்க்கரை கண்ட்ரோலில் இருக்கிறது, பிரஷர் கண்ட்ரோலில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் ஆள் தப்பித்துக்கொண்டான் என்று அர்த்தம். ஒரு ஊரையே கண்ட்ரோலில் வைத்திருக்கிறார்கள் என்றால் அதைவிட நல்ல ஊர் எங்கே இருக்கும்.

அதை நம்பித்தான் மகள் மணிமேகலையை இங்கே கொண்டுவந்து குடிவைத்தான். தோல் ஷாப்புத் தெருவில் அவளுக்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை. ஒன்று நாலாம் மாதம், ஒன்று ஏழாம் மாதம். மூன்றாவது வயிற்றில் தங்கியதும், ஆடி மாதத்தில், தலையில் பாயும் கையில் அடுப்புமாக அவளையும் மருமகனையும் இந்த ஊருக்குக் கூட்டிவந்தான். இப்போது தை. ஏழு தாண்டி எட்டு நடக்கிறது.

அச்சடித்தவன் தப்பு பண்ணியிருப்பான். படித்தவனும் தப்பு பண்ணுவான்.

மூடியை அழுத்திச் சாத்திவிட்டு நடந்தான். விழித்ததும் வருகிற முதல் மூத்திரம்தான் கணக்கு. அதனால் எப்போதும் ஐந்து மணிக்கே வந்துவிடுவான். பனி தரையோடு தரையாக மேய்ந்துகொண்டிருந்தது. மல்லிகைக் காட்டுக்கு மருந்தடிக்கும் மோட்டாரின் சத்தம் அன்றைக்கு இல்லை. நாய்கள் இல்லை. மாடு கழுத்தை ஆட்டும் மணிச் சத்தம்கூட இல்லை. ஊர் தண்ணீருக்குள் கிடப்பது போலக் கிடந்தது.

முதல் வீடு பொன்னுத்துரையுடையது. பூ விவசாயி, அறுபதைத் தாண்டியவர். கதவைத் தட்டியதும் லுங்கியை இறுக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"வந்துட்டாருய்யா மூத்திர கலெக்டரு. ஏம்ப்பு, இம்புட்டு வாங்கிட்டுப் போறியே, ஒருநாளாவது ரசீது குடுத்தியா?"

"ரிசல்ட் வந்தா குடுப்பாகண்ணே."

"எந்த வருசம்? என் பேரனுக்குப் பேரன் வந்து வாங்கிக்குவானா? செத்த நேரம் ஒக்காரு. வயசான மனுசன், சொன்ன ஒடனே வராது."

டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சின்னக்கண்ணு படியில் உட்கார்ந்தான்.

அவன் மூக்கு விசில் அடித்தது. அது புதிதில்லை. இருபத்திரண்டு வருடம் தோல் ஷாப்பில் குரோம் தண்ணீரின் ஆவியைக் குடித்ததில், இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவிலுள்ள சுவர் ஓட்டையாகிவிட்டது. மூச்சு அதன் வழியாகப் போகும்போது, குக்கர் மூடி இடுக்கில் ஆவி கசிகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். வாசனையும் அதோடு போய்விட்டது. மல்லிகையும் ஒன்றுதான், ஊறிய தோலும் ஒன்றுதான். பகலில் அவனுக்கே கேட்காது. இந்த மாதிரி அமைதியில்தான் கேட்கும்.

கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே போனது, வெளியே வந்தது. உள்ளே. வெளியே.

தொண்டையில் கோழை கட்டவே, மூச்சை நிறுத்தி எச்சில் விழுங்கினான்.

விசில் நிற்கவில்லை.

வாயைப் பொத்திக்கொண்டான். மூக்கைப் பிடித்துக்கொண்டான். சத்தம் அவன் முதுகுக்குப் பின்னால், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், நிதானமாக ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

கதவு திறந்தது. பொன்னுத்துரை டப்பாவை நீட்டினார். வாய் மூடியிருந்தது. சத்தம் அவர் மூக்கிலிருந்து வந்தது.

"என்னண்ணே, மூக்கு?"

"சளிப்பா. ஐப்பசி மழையிலேருந்து போக மாட்டேங்குது. ஊருக்கே இருக்கு. என் பொண்டாட்டி ஊதுறா பாரு உள்ள, நாயனம்."

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

அடுத்த வீட்டுக்குப் போனான். தட்டவில்லை. ஜன்னலுக்குக் கீழே நின்றான். கேட்டது. எதிர் வீட்டு ஜன்னலில் இன்னொன்று, கொஞ்சம் சன்னமாக. குழந்தையுடையதாக இருக்க வேண்டும். தெருவின் நடுவுக்கு வந்து நின்றான். இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள், அணைந்த விளக்குகள், ஓட்டிலிருந்து பனி சொட்டும் சத்தம். அதற்கு அடியில், வீடு வீடாக, தூங்குகிறவர்களின் மூக்கில், பல சுருதியில் விசில். அவன் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து சம்பாதித்த சத்தம். இந்த ஊரில் ஒருத்தரும் ஒரு நாளும் தோல் ஷாப்பு வாசலை மிதித்ததில்லை.

பிரிஸ்கில்லாவுக்குப் போன் அடித்தான். திண்டுக்கல் லாட்ஜில் டப்பாக்களுக்காக அவள் எழுந்து காத்திருப்பாள்.

"மேடம், ஸ்டிக்கரு மாறிப்போச்சு. எல்லாத்துலயும் E போட்டிருக்கு."

"மாறலண்ணே. இந்த மாசத்துலேருந்து அந்த ஊரு E-தான். கிணத்துத் தண்ணியில குரோம் நம்பர் கூடிருச்சு. எங்கேருந்து வருதுன்னு தெரியல. இனிமே கண்ட்ரோலா வச்சுக்க முடியாது. செம்பட்டிக்கு அந்தப் பக்கம் வேற ஊரு பாத்தாச்சு."

"கண்ட்ரோலு போயிருச்சா?"

"கண்ட்ரோல்னா ஒப்பிட்டுப் பாக்கிறதுக்குண்ணே. கழிவு பட்ட ஊருல எவ்வளவு, படாத ஊருல எவ்வளவுன்னு. அவ்வளவுதான். தண்ணி நல்லதுன்னு நான் எப்பவும் சொல்லலையே?"

சொல்லவில்லை. உண்மைதான். அவள் சொல்லவே இல்லை.

"நம்பர் கூடுனது எப்பத் தெரியும்?"

"ஆடியில."

மூக்கு மட்டும் ஊதியது.

"மேல அனுமதி வராம சொல்லக் கூடாதுண்ணே. நான் மூணு லெட்டர் எழுதிட்டேன். சொன்னா ஊரே தண்ணிய மாத்திரும், அப்புறம் டேட்டா..." நிறுத்திக்கொண்டாள். அவள் நல்ல பெண். இவன் வீட்டில் கஞ்சி குடித்தவள்.

"எம்மக இங்கதான் தாயி இருக்கா."

"எந்த வீடு?"

"முருங்கை மரத்து வீடு."

காகிதம் புரளும் சத்தம். "முப்பத்தொண்ணா? முப்பத்தொண்ணு உங்க மகளா?" அவள் குரல் வேறாகிவிட்டது. "அண்ணே. உடனே போங்க. அவங்க காலு வீங்கியிருக்கான்னு பாருங்க. போன மாச மூத்திரத்துல கிட்னி கெட்ட அறிகுறி இருக்கு."

ஐஸ் பெட்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு ஓடினான்.

முருங்கை மரத்து வீட்டில் விளக்கு எரிந்தது. மருமகன் பாண்டியராஜ் பூ மூட்டை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போயிருந்தான். மணிமேகலை கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சொம்பு.

"வாப்பா. என்ன இப்படி எரைக்குது ஒனக்கு?"

"குடிச்சியா?"

"முழிச்சதுலேருந்து மூணு சொம்பு. தாகமே அடங்க மாட்டேங்குது." சொம்பைப் பிடுங்கினான். வெறும் சொம்பு. "என்னப்பா நீ? ஆமா, குளிச்சிட்டு வரலையா? வீடே தோல் வாசம் அடிக்குது."

"நான் ஷாப்பை விட்டு ரெண்டு வருசமாச்சு தாயி."

"அப்பறம் எங்கேருந்து வருது? நான் இம்புட்டு நாளும் நீ வந்துட்டுப் போன வாசம்னுல்ல நெனச்சேன். நீ பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும். சொம்புல மொகத்த வச்சு மோந்துக்கிட்டே குடிப்பேன்."

சின்னக்கண்ணு தரையில் உட்கார்ந்தான். அவள் புடவைக் கரையை விலக்கினான். கால் கால்போல இல்லை. கணுக்கால் எலும்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மேல் தோல் இழுபட்டு, ஈர வெளுப்பாக, லேசான நீலம் ஓடி, விளக்கொளியில் மின்னியது. அந்த நிறத்தை அவன் ஷாப்பில் தோல் ஊறும் தொட்டியில் பார்த்திருக்கிறான். ஆயிரக்கணக்கில்.

கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

டாக்டர்களும் இப்படித்தான் அழுத்துகிறார்கள், சிறுநீரகம் பார்க்க. ஆனால் அவன் விரலுக்குத் தெரிந்தது வேறு. சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலைக் கழுவி, மருந்தில் ஊறவைத்து, இப்படி அழுத்துவார்கள். குழி மேலே எழும்பிவிட்டால் தோலில் இன்னும் உயிர் இருக்கிறது, ஊறட்டும். குழி அப்படியே நின்றுவிட்டால் பதம் வந்துவிட்டது. குரோம் டிரம்முக்குப் போகலாம். கடைசி ஒன்பது வருடம் ஷாப்பில் அவனுக்கு அதுதான் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு தோல். விரல் பொய் சொன்னதில்லை.

விரலை எடுத்தான்.

குழி நின்றது.

"வலிக்கலப்பா. ஒண்ணுமே தெரியல" என்றாள் மணிமேகலை.

அவன் எண்ணினான். பத்து. இருபது. குழி நின்றது. அதன் அடியில் அவன் ரேகைகூடத் தெரிந்தது.

"காலு கெடக்கட்டும், இதப் பாரு." முந்தானையை ஒதுக்கி வயிற்றின் பக்கவாட்டைக் காட்டினாள். முகத்தில் சிரிப்பு. ஏழு தாண்டிய சிரிப்பு. "ராவெல்லாம் தூங்க விடலப்பா. மத்த புள்ளைக மாதிரி ஒதைக்க மாட்டேங்குது. அமுக்குது. ஒரே எடத்துலயும் இல்ல."

எழுந்து அவளைத் தூக்க வேண்டும். மொபெட்டில் வைக்க வேண்டும். திண்டுக்கல் போக வேண்டும். அவள் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்தான்.

வயிற்றுத் தோலில் ஒரு மேடு எழும்பியது. சின்னது. கட்டைவிரல் முனையளவு. உள்ளேயிருந்து ஒரு விரல் தோலை மெல்லத் தள்ளி, அழுத்தி, நின்றது. அவசரமே இல்லை. பிறகு விலகியது.

நாலு விரற்கடை தள்ளி இன்னொன்று. அழுத்தியது. நின்றது. விலகியது.

அதற்கும் நாலு விரற்கடை தள்ளி.

ஒரே வரிசை. ஒரே இடைவெளி. கழுத்திலிருந்து வால் வரைக்கும் தோல் பார்க்கிறவன் பார்ப்பது போல.

"பாத்தியா?" என்றாள் அவள்.

விரல் விலகிய இடங்களில், மேடுகள் ஒன்றுகூட அடங்காமல் அப்படியே நின்றன.