புகைக்குப் பயந்தவள்

மாதம் ஒருமுறை வருகிற பராமரிப்பு மின்தடை அன்று சொர்ணத்தாய்க்கு விடியும்போதே கோபம் வந்துவிடும். இந்த மாதம் அது மூத்த மருமகள் பாலம்மாள் மேல் இறங்கியது.

“இன்னைக்காவது ஒழுங்கா ஆக்குட்டி! போன தடவை மொச்சைக்கொழம்பு வச்சு வீட்டோட எல்லாரையும் வாந்தியெடுக்க வச்சியே... மறந்துட்டேன்னு நெனச்சியா?”

பாலம்மாள் அரிசியைக் களைந்தாள். போன தடவை கரண்ட் போன நாள் செவ்வாய்க்கிழமை. கல்யாணமாகி எட்டு வருஷம். பிள்ளை வரம் கேட்டுச் செவ்வாய்தோறும் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்தான் அவளுக்கு. அன்று குழம்பை அவள் நாக்கில்கூட வைக்கவில்லை. ஆனாலும் தலைவலி அவளுக்கும் வந்தது, குமட்டலும் வந்தது. அவள் சாப்பிட்டாளா என்று கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லாததால் இது யாருக்கும் தெரியாது. புது ஜெனரேட்டர் ஓடிய முதல் நாளும் அதுதான் என்பது அவளுக்கே இப்போதுதான் உறைத்தது.

ஜெனரேட்டரை வாங்கி வந்தவன் கொழுந்தன் இசக்கிமுருகன். வாங்கும்போது நன்றாகத்தான் யோசித்தான். ஃப்ரிட்ஜ், இரண்டு ஃபேன், நாலு லைட்; ஃப்ரிட்ஜ் கிளம்பும்போது கூடுதலாக இழுக்குமே என்று அதற்கும் சேர்த்துப் பார்த்து வாங்கினான். வைக்கிற இடத்தில்தான் கோட்டை விட்டான். வீட்டை ஒட்டியே அவர்களுடைய தீப்பெட்டி ஆபீஸ்; தீப்பெட்டி செய்கிற பட்டறையை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். முற்றம் முழுக்க மருந்தில் முக்கிக் காயவைத்த தீக்குச்சிகள். ஒரு பொறி பறந்தால் தெருவே போய்விடும். ஆகவே மெஷின் வீட்டுக்குள், சாமான் அறைக்குப் போனது. காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வைத்தாயிற்று. கோவில்பட்டியில் நெருப்புக்குப் பயப்பட யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தப் பயத்தில் வேறொன்றுக்குப் பயப்பட அவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்தத் தடவை வீட்டில் மூன்று மாதப் பச்சைப்பிள்ளை வேறு இருந்தது. இசக்கிமுருகன் மனைவி ஐஸ்வர்யா பிரசவம் முடிந்து பசுவந்தனைத் தாய்வீட்டிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. சாமான் அறைக்கு அடுத்த அறையில் தொட்டில். பிள்ளையில்லாதவள் கையில் பச்சைப்பிள்ளையைக் கொடுக்கக்கூடாது என்பது சொர்ணத்தாயின் சட்டம். பாலம்மாள் இதுவரை அதைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள்.

“தம்பி, மெஷினை வெளிய வச்சிரலாமா? புகை உள்ளயே நிக்குமோன்னு எனக்குப் பயமா இருக்கு.”

“வெளிய குச்சி கெடக்கு மதினி. அதான் ஜன்னல் தொறந்திருக்குல்லா?”

“பாத்தியாலே!” சொர்ணத்தாய் குறுக்கே பாய்ந்தாள். “கொழம்புல பட்ட பழிய மெஷின் தலையில கட்டப் பாக்கா! பிள்ளைக்கு ஃபேன் ஓடுதுல்லா... வயித்தெரிச்சல்!”

“அன்னைக்கு நான் சாப்பிடவே இல்ல அத்தை! எனக்கும் தலை வலிச்சுது...”

“ஆமா, இப்பச் சொல்லு!”

பாலம்மாளின் கணவன் செண்பகராஜ் லோடு ஏற்றப் போய்விட்டான். இருந்திருந்தாலும் அம்மா முன்னால் வாய் திறக்கிற ஆள் இல்லை.

கரண்ட் போனது. மெஷின் உறுமத் தொடங்கியது. சமையல் பாதியில் இருக்கும்போதே பாலம்மாளுக்கு அதே தலைவலி பின்மண்டையைப் பிடித்தது. எட்டிப் பார்த்தாள். ஐஸ்வர்யா நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். பால் குடிக்கிற நேரம் தாண்டியும் பிள்ளை அசையாமல் தூங்கியது. இனி யாரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? தொட்டிலிலிருந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

“ஐயோ... என் பிள்ளையத் தூக்கிட்டுப் போறாவளே!” என்று அலறிக்கொண்டு ஐஸ்வர்யா பின்னால் தடுமாறி வந்தாள். ஆபீஸிலிருந்து இசக்கிமுருகன் பாய்ந்து வந்தான். தெருத் தண்ணீர்த் தொட்டி நிழலில் பாலம்மாளை மடக்கிக் கையை ஓங்கினான்.

“மதினின்னு பாக்கேன்... கொண்டாங்க பிள்ளைய!”

“தாரேன் தம்பி. அடிக்கணும்னா என்னைய அடிங்க. இங்கன வச்சே அடிங்க... பிள்ளைய மட்டும் உள்ள கொண்டு போகாதீங்க!”

காற்று பட்டதும் பிள்ளை வீல் என்று அழுதது. ஐஸ்வர்யா தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

“அக்கா... நானும் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலியே!”

இசக்கிமுருகனின் கை தானாக இறங்கியது. அப்போதுதான் மூவருக்கும் ஒன்று புரிந்தது. வீட்டுக்குள்ளிருந்து சொர்ணத்தாயின் ஏச்சு கேட்கவில்லை. அந்தத் தெருவில் அது நடக்காத காரியம்.

பிள்ளையை ஐஸ்வர்யாவிடம் கொடுத்துவிட்டுப் பாலம்மாள் ஓடினாள். இசக்கிமுருகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெஷினை நிறுத்தினான். கட்டிலில் துவண்டு கிடந்த மாமியாரைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்து வந்து வாசலில் போட்டவள் பாலம்மாள்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, “வீட்டுக்குள்ள ஜெனரேட்டர் ஓடுச்சா?” என்பதுதான். அந்தப் புகையில் இருக்கிற விஷத்துக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, ஜன்னல் திறந்திருந்தாலும் போதாது என்றார். “வெட்டவெளியில, வாசல் ஜன்னலை விட்டுத் தள்ளி வைக்கணும். பிள்ளை நல்லாயிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் உள்ள கெடந்திருந்தா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. யாரு வெளிய தூக்கிட்டு வந்தது?”

ஐஸ்வர்யா பாலம்மாளைக் கை காட்டினாள். இசக்கிமுருகன், “மதினி... நான் கையை ஓங்கிட்டேனே...” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

“அத விடுங்க தம்பி. தெருக்கோடி காலி மனையில வைங்க. குச்சிக்கும் தூரம், வீட்டுக்கும் தூரம். நீளமா, நல்ல கனமான வயரா வாங்கிப் போடுங்க. சூடா இருக்கையில பெட்ரோல் ஊத்தாதீங்க.” இவ்வளவுதான் அவள் அவனிடம் சொன்னது. அவளுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. அதைக் காட்டிப் பழக்கமில்லை.

சாயங்காலம் ஐஸ்வர்யா பால் கொடுத்து முடித்துவிட்டு, பிள்ளையை இரண்டு கையாலும் நீட்டினாள். “அக்கா, கொஞ்ச நேரம் வச்சுக்கிடுதீங்களா?”

பழக்கதோஷத்தில் பாலம்மாள் மாமியாரைப் பார்த்தாள். சொர்ணத்தாய் ஆக்சிஜன் மாஸ்க்கை இறக்கினாள். கண்ணீர் காதுவரை ஓடியிருந்தது.

“என்னைய என்னத்துக்குட்டி பாக்க? சட்டம் போட இனிமே எனக்கு வாயிருக்கா... வாங்கு, ஒம் பிள்ளைய!”

வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷமாக ஒருத்தர் முன்னாலும் அழாதவள், பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்க வாய்விட்டு அழுதாள்.

“மொதல்ல அந்த மாஸ்க்கப் போடுங்க அத்தை...” என்றாள் அழுகைக்கு நடுவே.