ஷுய்கென் தர மறுத்த டப்பா

சீனாவின் போயாங் ஏரியில் மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. காற்று ஒரே வீச்சில், படகில் இருந்த வான்ச்சிங்கின் மூங்கில் தொப்பியைப் பறித்துத் தண்ணீரில் போட்டது. அவள் ‘ஐயோ’ என்பதற்குள் பக்கத்துப் படகிலிருந்து ஒருவன் குதித்தான். இடுப்பளவு நீரில் கோரையை விலக்கிப் போய், தொப்பியோடு சிரித்தபடி வந்தான். மழை சொட்டும் இமைகள்... அவற்றின் கீழே குறும்பான கண்கள்...

நன்றி வரும் என்று நினைத்தான். வசவுதான் வந்தது.

“யாரு உங்கள இறங்கச் சொன்னா? இந்தக் கோரை பூரா நத்தை! அதுலேர்ந்து வர்ற புழு தோலைத் துளைச்சு உள்ள போயிடும், தெரியும்ல?”

“அப்ப தொப்பிய திரும்பப் போட்டுடவா டாக்டரம்மா?”

“நான் டாக்டர் இல்ல. புழு நோய்த் தடுப்பு நிலையத்துல பரிசோதனை பண்றவ. பேரு?”

“ஷுய்கென்.”

அவள் ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள். “தினமும் தண்ணியில இறங்குற ஆளு, ஏற்கெனவே புழு இருக்கான்னு பார்க்கணும். நாளைக்குக் காலைல நிலையத்துக்கு இதுல மலம் எடுத்துட்டு வாங்க.”

அவன் முகம் காதுவரை சிவந்தது.

படகுக்காரர்கள் எல்லோரும் டப்பா கொடுத்தார்கள். ஷுய்கெனும் தினமும் நிலையத்துக்கு வந்தான்... ஒரு நாள் கெண்டை மீனோடு, ஒரு நாள் இளந்தாமரைத் தண்டோடு.

“டப்பா எங்க?”

“மறந்துட்டேன்.”

“மீனு மட்டும் மறக்கலையா?”

சிரித்தாலும் அவள் மனம் உறுத்தியது. கரை ஏறும்போதே அவனுக்கு மூச்சு வாங்கியது. அவள் அப்பாவும் படகுக்காரர். இதே நோயில் வயிறு பானையாய் வீங்கிப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ஒன்பது வயது.

“டப்பா இல்லாம இனி வராதீங்க!” என்று கதவைச் சாத்தினாள்.

“சரி... வரல.” அவனுக்கும் ரோஷம்.

நான்கு நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் கொட்டும் மழையில் அவளே அவன் படகில் போய் ஏறினாள்.

“ஏன் இந்த வீம்பு? பயமா?”

அவன் தலை குனிந்தான். “வேற யார் கேட்டாலும் குடுத்துருவேன்... உங்ககிட்ட எப்படிங்க? மனசுக்குப் பிடிச்ச பொண்ணு கையில கொண்டுபோய்க் குடுக்கிற பொருளாங்க அது?”

வான்ச்சிங் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் முட்டியது.

“எங்கப்பாவும் வெக்கப்பட்டுத்தான் காட்டாமலே இருந்துட்டாரு... நீங்களும் அப்படிப் போயிட்டா?”

மறுநாள் காலை, முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு ஷுய்கென் டப்பாவை நீட்டினான். நுண்ணோக்கியின் கீழே புழு முட்டைகள் தெரிந்தன. நல்லவேளை, ஈரல் இன்னும் கெடவில்லை என்றார் மருத்துவர். மாத்திரைகளை அவள் பக்கத்தில் நின்றே விழுங்க வைத்தாள்.

“இனி எப்ப வரணும்?”

“பரிசோதனைக்கு ரெண்டு மாசம் கழிச்சு.”

“அதுவரைக்கும்?” அவன் குரல் இறங்கியது.

வான்ச்சிங் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கன்னம் மட்டும் சிவந்தது.

“அதுவரைக்கும்... என்னைப் பார்க்க வாங்க. தினமும்.”