இரண்டாம் பக்கத்தில் தட்டும் ஒலி

"மேடம், அந்தத் தட்டுற சத்தம் எந்த இடத்துல வருது?" என்று இசைத்தட்டுக் கடைக்காரர் தொலைபேசியில் கேட்டபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தச் சத்தம்?"

"நீங்க எழுதினதுதான். இரண்டாம் பக்கம், பதினோராவது நிமிஷம், மூணு மூணா தட்டுதுன்னு. காலையிலேர்ந்து காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். என் தட்டுல இல்லவே இல்ல. என் காது போச்சா, இல்ல உங்க எழுத்து அவ்வளவு நல்லா இருக்கா?"

அவள் சிரித்தாள். "ஹெட்போன்ல கேட்டாத்தான் வரும்."

"ஹெட்போன்லதான் கேக்கறேன். சரி விடுங்க, சார் ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு. உங்க தட்டையும் என் தட்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துடுவோம்."

சார் என்றால் அவள் கணவன். இந்த மாதிரி இசையைக் கேட்டால் மிக்சி ஓடுகிறதா என்று கேட்கிற மனிதன். ஆனால் இசைப் பத்திரிகையில் அவள் எழுதிய அந்தக் கட்டுரையை மட்டும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டினான். ஒரு வரிக்கு வந்ததும் அவன் குரல் ஒவ்வொரு முறையும் இறங்கிப்போகும். "மூணு மூணா தட்டுதாம். எனக்கு அக்கா நினைப்பு வந்துடுச்சு. ஒரு தடவை அதை நான் கேக்கணும்."

அந்த ஒரு தடவைக்குத்தான் இன்று ஆறு மணி.

தட்டு அலமாரியில் இருந்தது. கறுப்பு அட்டை, நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், ஓரத்தைச் சுற்றி அவளால் வாசிக்க முடியாத ஜப்பானிய எழுத்துகள் கொண்ட காகிதப் பட்டை. அவள் பிறப்பதற்கு முன்பே நான்கு இளைஞர்கள் ஒரு கிடங்கில் உட்கார்ந்து பதிவுசெய்தது. இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்தோரு நிமிடம். முதலில் சிந்தசைசரின் ஒற்றைச் சுரம், தூரத்து விளக்குப் போல விட்டுவிட்டு எரியும். அதன் கீழே டிரம் ரயிலைப் போல அலுக்காமல் ஓடும். கிட்டார் எழுந்து வந்து, எதிரொலியில் தன்னையே துரத்தி, கரைந்துபோகும். ஏழாவது நிமிடத்துக்குப் பிறகு தரை என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். அவளுக்கு அது பிடித்ததே அதனால்தான். சமையலறை இல்லை, மருந்துச் சீட்டு இல்லை, யாரும் இல்லை.

கூடத்துப் பிளேயரில் தட்டை ஏற்றி முள்ளை வைத்தாள். நீல ரப்பர் பேண்ட் போட்ட பின்னலைப் பின்னால் தள்ளிவிட்டு ஹெட்போனை மாட்டினாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது, மணி மூன்றுதான்.

எட்டாவது நிமிடம். ஒன்பது. பத்து. மடியில் பத்திரிகை திறந்திருந்தது. 'பதினோராவது நிமிடத்தில், எல்லா மின்னொலிகளுக்கும் அடியிலிருந்து, மரத்தின் மேல் உலோகம் படுகிற ஒரு சின்ன ஒலி எழுகிறது. மூன்று. மூன்று. மூன்று. இந்த ஆல்பத்தில் மனிதத்தன்மை கொண்ட ஒரே ஒலி அதுதான். யாரோ இந்த வெளியிலிருந்து நம்மை உள்ளே கூப்பிடுகிறார்கள். பிறகு ஒன்று. அதன் பிறகு வரும் அமைதியை நான் எந்தத் தட்டிலும் கேட்டதில்லை.'

பதினொன்று கடந்தது. பன்னிரண்டு. டிரம் ஓடிக்கொண்டே இருந்தது. தட்டும் ஒலி வரவில்லை.

மறுபடி வைத்தாள். வரவில்லை. முள்ளைத் துடைத்துவிட்டு வைத்தாள். வரவில்லை.

முகம் சுட்டது. யாரும் பார்க்கவில்லை என்றாலும் பத்திரிகையைத் திருப்பிப் போட்டாள்.

கணவனின் அக்கா ஒரு தையல்காரி. பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபிறகு பக்கத்து அறையில்தான் இரண்டு வருடம் கிடந்தார். ஊசி குத்தாமலிருக்க விரல் நுனியில் மாட்டுகிற பித்தளைக் கூட்டை அவருடைய இடது கை விரலில் மாட்டிவிட்டு, கட்டிலின் மரத் தலைப்பலகையில் எப்படித் தட்டுவது என்று தம்பிதான் சொல்லிக்கொடுத்தான். ஒன்று என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிப் படுக்கவை. மூன்று என்றால் உடனே வா.

பேச்சு இருந்த காலத்தில் அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏண்டி, அந்த ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டா வீடே இடிஞ்சு விழுந்தாலும் உனக்குத் தெரியாதுடி" என்பார்.

"இடிஞ்சா நீங்க சொல்ல மாட்டீங்களா அண்ணி?" என்பாள் இவள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அந்த மதியம் இந்தத் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. மடியில் குறிப்பேடு. ஒலி வந்தது, அழகாக இருந்தது. இரண்டாவது முறை வந்தபோது அவள் விரல் தானாகவே நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போட்டது. மூன்றாவது முறை இன்னும் நன்றாகக் கேட்கவேண்டும் என்று சத்தத்தைக் கூட்டினாள். பக்கம் முடிந்து, ஹெட்போனைக் கழற்றி, காபி போட்டுக் குடித்துவிட்டு அந்த அறைக்குள் போனாள்.

"பக்கத்துலதாங்க இருந்தேன். தூக்கத்துலயே போயிட்டாங்க" என்று கணவனிடம் சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருந்தியே, அது போதும்" என்றான்.

ஒரு மாதம் கழித்து, அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துத்தான் கட்டுரை எழுதினாள். அப்போது தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 'கூப்பிடுகிறார்கள்' என்ற சொல்லை எழுதியபோது பேனா ஒரு கணம் நின்றது. நின்றதும் ஞாபகம் இருக்கிறது. சொல் நன்றாக இருந்தது. அதை அடித்து நீக்கவில்லை.

ஆறு மணிக்கு அவன் காதில் ஹெட்போனை மாட்டுவான். பதினோராவது நிமிடத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பான். அது வராது. பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்ப்பான்.

பித்தளைக் கூடு கட்டிலிலேயே இருக்கிறது. அது அவன் கண்ணில் படாமலிருந்தாலாவது. அவ்வளவுதான் யோசிக்க முடிந்தது.

அறைக் கதவைத் திறந்தாள். எட்டு மாதமாகத் திறக்காத அறை. தைலமும் பவுடரும் ஈரமான பஞ்சும் கலந்த வாசனை கலையாமல் நின்றது. தலைப்பலகையில், மரம் வட்டமாகத் தேய்ந்து பள்ளமாகியிருந்த இடத்துக்கு மேலே, கூடு உட்கார்ந்திருந்தது. எடுத்தாள். குளிர்ச்சி இல்லை, இப்போதுதான் யாரோ விரலிலிருந்து கழற்றியது போலிருந்தது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இடது கை நடுவிரலில் மாட்டி, பள்ளத்தில் மெல்லத் தட்டினாள்.

அதே ஒலி. அவள் புகழ்ந்து எழுதியது.

கட்டிலில் உட்கார்ந்தாள். மெத்தையில் இன்னொருவரின் அச்சு அப்படியே இருந்தது. அவள் உடம்பு அதில் சரிந்து, சரியாகப் பொருந்தியது.

அப்போது கூடத்தில் முள் தட்டில் இறங்குகிற சத்தம் கேட்டது.

அவள் முள்ளை எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்தாள். தட்டை நிறுத்திவிட்டுத்தான் வந்தாள்.

மணலைச் சலிப்பது போல மெலிதான ஒலி. ஒற்றைச் சுரம். டிரம். ஹெட்போனுக்குள்ளிருந்து கசிவது. யாரோ காதில் மாட்டியிருந்தால் மட்டுமே அவ்வளவு மெலிதாகக் கசியும்.

எழுந்திருக்கப் பார்த்தாள். வலது கால் வரவில்லை. வலது கையும். கூட்டைப் பல்லால் இழுத்தாள். கழலவில்லை.

"என்ன" என்றாள். வாயின் ஒரு பக்கம் அசையவில்லை. சொல் எச்சிலாக வழிந்தது.

மூச்சு பாதியில் நின்றது. மறுபடி இழுத்தாள். பாதிதான் வந்தது.

பாதி திறந்த கதவு வழியே கூடம் தெரிந்தது. நாற்காலியின் முதுகு. அதற்கு மேல் ஒரு தலை. ஹெட்போன். தளர்ந்த பின்னல், அதில் அவளுடைய நீல ரப்பர் பேண்ட். மடியில் குறிப்பேடு.

தட்டினாள். மூன்று.

தலை சற்றே சாய்ந்தது. கவனிக்கிற சாய்வு.

மூன்று. இன்னும் பலமாக.

கைப்பிடியில் ஒரு விரல் எழுந்தது. தாளம் போட்டது. மூன்று.

மூச்சு இல்லை.

மூன்று.

கூடத்தில் இருந்தவளின் கை பிளேயரை நோக்கி நீண்டது. சத்தத்தைக் கூட்டியது. பிறகு பேனாவை எடுத்து, ரசித்து, நிதானமாக எழுதத் தொடங்கியது.